இருபத்து நாலு

பேரீச்சம்பழ டின்னில் நாற்பது பித்தளைக் கூடுகளைக்
குலுக்கிக்கொண்டு வந்தான் கல்ஃபான்,
பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன்.
பஸ்ஸை அணைக்கவில்லை.
நிஸ்வா சனையாவில் எங்கள் லேத்துக்கு எதிரே
ரேடியேட்டர் அடைப்பவன்கூட எட்டிப் பார்த்தான்.

முதலில் உரிமத்தாளை நீட்டினான், முத்திரையோடு.
அப்புறம் செல்போனில் வீட்டுத் துப்பாக்கியின் படம்.
மார்ட்டினி. அதன் தோட்டா இப்போது எங்கும் விற்பதில்லை.
"இதை அதாக்கிக் கொடு. தங்கைக்குக் கல்யாணம்.
குண்டு வேண்டாம், சத்தம் போதும்."
மருந்து அடைப்பது அவன் பாடு.
உருவம் என் பாடு.

நேராக நிற்கிற குழாய் அது.
தோளும் கழுத்தும் வைத்துப் புட்டியாக்க வேண்டும்.
மூன்று அச்சு கடைந்தேன்.
முதலாவது ஒரு சாடை காட்டும்,
இரண்டாவது தோளை இறக்கும்,
மூன்றாவதில்தான் கழுத்து.
பொறுக்காமல் நேரே மூன்றாவதுக்குப் போனதில்
ஒன்று நசுங்கியது, மிதித்த தகரக் குவளை மாதிரி.
கிரீஸ் கூடினால் தோளில் குழி விழும்.
குறைந்தால் அச்சு கவ்விக்கொண்டு விடாது.
எவ்வளவு பூசணும் என்றான் பக்கத்து மெஷின் நவ்ஷாத்.
கட்டைவிரலைக் காட்டினேன்.

அழுத்த அழுத்தப் பித்தளை முறுக்கிக்கொள்ளும்,
முறுக்கினது பிளக்கும்.
அதனால் சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு
தண்ணீர்த் தட்டில் வரிசையாக நிறுத்தினேன்,
அடி நனைய, வாய் வெளியே.
அடி இளகக் கூடாது, வெடியைத் தாங்குவது அதுதான்.
வாயில் மட்டும் நெருப்பு.
நீலம் ஓடும்,
பிறகு இருட்டுக்கு மட்டும் தெரிகிற ஒரு சிவப்பு.
அந்த நொடியில் தட்டிவிட வேண்டும்.
சுர்ர்.

பதினேழாவது சுர்ருக்கு
லேபர் ஆபீஸின் வெள்ளை வண்டி வந்து நின்றது.
பத்தாக்கா எங்கே என்றார்.
அம்மா வைத்த பெயர் சிலுவைமுத்து.
அட்டையில் ஸிலுஃபாய் மூத்து.
தொழில்: பண்ணையாள்.
பதினொரு வருஷத்தில் ஒரே ஒரு பேரீச்சமரத்தைத் தொட்டிருக்கிறேன்,
பஞ்சரான பிக்கப்புக்கு ஜாக்கி வைத்தபோது
முதுகு சாய்ந்ததில்.

"இது தோட்டமா?" என்றார்.
சிரிப்பை மறைக்க நவ்ஷாத்
எதுவும் இல்லாத இரும்பை அரம் வைத்து ராவினான்.
அர்பாபுக்கு அபராதம்.
எனக்கு ஒரு மாதம் கெடு.

போகும்போது ஆறிய கூடு ஒன்றை எடுத்தார்.
கவிழ்த்து அடியைப் படித்தார்: 24.
திருப்பிக் கழுத்தை விரலால் தடவினார்.
"பொருந்துமா?"
பொருந்தும் சார்.
தலையாட்டினார்.
எழுதிய சீட்டைக் கிழித்துத் தரவும் மறக்கவில்லை.

மறுநாள் கல்ஃபானும் அடியைத்தான் பார்த்தான்.
"இந்த நம்பரை அழிக்க முடியாதா?"
அழிக்கலாம். அழித்தால் அடி மெலியும்.
மேலே ஒரு கோடு போட்டுத் தந்தேன்,
பார்க்கிறவன் ஏமாறாமல் இருக்க.
நாற்பதில் முப்பத்தொன்று தேறியது.
வாய் பிளந்த ஒன்பதை
பழைய உலோகம் எடுக்கிற பட்டாணி
டீக்காசுக்கு நிறுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் நின்றேன்.
ஏசி இரைச்சலுக்கு அந்தப் பக்கம்
தோப்பிலிருந்து வந்தது, விட்டு விட்டு.
விரல் மடக்கி எண்ணினேன்.
முப்பதோடு நின்றது.
எந்தக் கழுத்து கைவிட்டதோ என்று
விடியும்வரை புரண்டேன்.

ஞாயிறு மத்தியானம் பஸ் வந்தது.
அதே டின், கரி படிந்த முப்பது கூடு.
"மறுபடி வாயை இளக்கித் தா, தம்பிக்கும் பேசியாச்சு."
என் கெடுவில் அதற்குள் ஒன்பது நாள் போயிருந்தது.
இன்னொன்று எங்கே என்று கேட்டேன்.

கல்ஃபான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.
மருந்து அடைக்குமுன்பே அக்கா மகன் ஒன்றை எடுத்துவிட்டானாம்.
பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு
கழுத்தில் வாய் வைத்து ஊதுகிறானாம்,
பள்ளிக்கூடம் வரும்வரை.

பின் சீட்டிலிருந்து அப்போது ஒருமுறை கேட்டது.
நன்றாகத்தான் ஊதியது.