குறைந்தபட்ச ஓட்டம்

லிங்கிச் செட்டித் தெருவில் மழை விட்ட மத்தியானம்.
கண்ணாடி மேசையில் மூன்று மீட்டரை எடுத்து வைத்தார்,
ஏலத்துக்கு நான் சங்கராவைப் பரப்புவேனே, அப்படி,
நல்ல பக்கம் மேலே.

முதலாவது பித்தளை. உள்ளே சின்ன விசிறி.
ஊதினேன், சுற்றியது. பிடித்துப்போனது.
விலையும் கைக்கு அடக்கம்.
"எஞ்சின் மணிக்கு எவ்ளோ குடிக்கும்?"
"முழுசா முறுக்குனா நாலு லிட்டர்."
பித்தளையை மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.
"இது எண்ண ஆரம்பிக்கிறதே பத்து லிட்டர்லம்மா.
அதுக்குக் கீழ போனா இதுக்குத் தெரியாது."

தெரியாமல் போவதுதானே எங்கள் வழக்கு.

எண்ணெய்க் காசு கழித்த பிறகுதான் பங்கு.
இருபத்திரண்டு அடி ஃபைபர், எட்டுக் குதிரை எஞ்சின்,
எட்டியப்பன் ஓட்டுகிறார், தேசப்பன் வலை,
கரையில் நான், ஏலமும் நோட்டும்.
இரண்டு மாதமாய் நாளுக்கு மூன்று லிட்டர் துண்டு விழுகிறது.
"கடலா குட்சிச்சு?" என்றார் தேசப்பன்,
எட்டியப்பன் இல்லாத நேரமாய்ப் பார்த்து.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
ஈரச் சாக்கோடு எடை வைத்துப் பழகிய கை என்னுடையது.
அடுத்தவர் கையை
எனக்குச் சட்டென்று புரியும் என்று நினைப்பு.

இரண்டாவது மீட்டர் எண்ணெயைத் தொடாது.
குழாயை வெளியிலிருந்து கவ்விக்கொண்டு
உள்ளே ஓடுவதைக் காதால் கேட்குமாம்.
விலை சொன்னார். பாதிப் படகு.
நான் அதைத் தொடவில்லை.

மூன்றாவது கறுப்பு டப்பா.
உள்ளே முட்டை முட்டையாய் இரண்டு பல்சக்கரம்,
ஒன்றையொன்று தள்ளித் தள்ளி
மடக்கு மடக்காய் அளந்து விடும்.
மணிக்கு அரை லிட்டர் போனாலும் எண்ணும்.
"இன்னா எண்ணெய்?"
"பெட்ரோல்ல கெளப்பி கிருஷ்ணாயில்ல ஓட்றது."
"அப்ப ரப்பர் வளையம் வேற போடணும்.
முன்னாடி ஃபில்டர் இல்லாம மாட்டாதீங்க,
மண்ணு சிக்குனா நடுக்கடல்ல நின்னுடும்."
இருநூறு ரூபாய் குறைத்தார். வளையத்தில் ஏற்றிவிட்டார்.

காசிமேட்டில் படகு கட்டியிருக்கும் இடத்திலேயே மாட்டினோம்.
எட்டியப்பன் டார்ச் பிடித்தார்.
இடது கையால் பிடித்தார்.

மணிக்கொரு தடவை
சிகரெட் அட்டையில் தேசப்பன் எழுதி வந்தது:
அத்திப்பட்டுப் புகைபோக்கி நேரே வரும் வரை மூணு ஆறு.
வலை விட்டபின் பூஜ்யம் எட்டு.
பூஜ்யம் எட்டு.
பூஜ்யம் எட்டு.
பூஜ்யம் எட்டு.
கூட்டிப் பார்த்தேன். மூன்றே கால்.
வீட்டுக்கும் போகவில்லை, விற்கவும் இல்லை,
நின்ற இடத்தில் எரிந்திருக்கிறது.

"வலை கெடக்கறப்ப எஞ்சினை ஏன் அணைக்கல?"
எட்டியப்பன் பதில் சொல்லாமல்
கயிற்றைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.
முழங்கை விலா வரை வந்து நின்றது.
இன்னொரு தடவை. அங்கேயே நின்றது.
ஆடிக் காற்றில் அணியத்தில் விழுந்த தோள்.
காலையில் கரையில் யாராவது பையன் இழுத்துக் கொடுப்பான்.
கடலில் அணைத்தால், அப்புறம்?
கயிறு இழுக்க முடியாதவனுக்கு
ஓட்டிப் பங்கு எவன் கொடுப்பான் என்றார்,
என்னைப் பார்க்காமல், டப்பாவைப் பார்த்து.

"நாளைலேர்ந்து நான் இஸ்க்கறேன், போ,"
தேசப்பன் திட்டுகிற குரலில்தான் சொன்னார்.
மூன்று லிட்டரை எந்தக் கணக்கில் எழுத என்று கேட்டேன்.
இருவரும் வலையை உதறப் போய்விட்டார்கள்.

டீக்கடையில் அவர் இடது கையால் கிளாஸ் எடுத்ததை
ஆவணியிலேயே பார்த்திருக்கிறேன்.
பார்த்தேன், அவ்வளவுதான்.
பத்து லிட்டருக்குக் கீழே.