பதினான்காம் துளை

மூக்கையூர்க் கரையில்
நூறு மீட்டருக்கு ஒரு துளை.
இரண்டு துளைகளுக்கு நடுவே
என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.
அறிக்கையில் அதற்கு ‘ஊகித்த இருப்பு’ என்று பெயர்.

நீளம், அகலம், இரண்டு மீட்டர் ஆழம்.
டன்னுக்குப் பொன் கால் கிராமுக்கும் குறைவு.
அதிலும் பாதி
கழுவும்போதே கடலுக்கு.

மீன்கூடையை இறக்கிவைத்துப் பிரகாசி கேட்டாள்:
“சொசைட்டியில கெடக்கு என் மூணு பவுனு.
அத இந்த மண்ணுல எடுக்க
எம்புட்டு அள்ளணும் சார்?”
எழுதிப் பார்த்தேன். இருநூற்று நாற்பது டன்.
“பதினஞ்சு டிப்பரு” என்றாள், என்னை முந்திக்கொண்டு.
“டீசலுக்கு இன்னொரு சங்கிலி வேணுமே.”

கரைவலைக் கயிறு கையில் கனப்பதை வைத்தே
எத்தனை கூடை என்று சொல்லிவிடுகிறவள்.

பதினான்காம் துளை மண்ணை
அவள் பார்க்க அலசினேன்.
கறுமணலின் வாலில் ஒரு மினுக்கம்:
மரை தேய்ந்த திருகாணி.

பத்துக் கிலோ மண்ணில் இருநூறு மில்லிகிராம்.
டன்னுக்கு இருபது கிராம் என்றது கால்குலேட்டர்.
இந்த ஒரு எண்ணைச் சேர்த்தால் போதும்,
நாளைக்கே விமானம் ஏறுவார்கள் முதலாளிகள்.
மறுவாரம் கம்பிவேலி.

“யாரு காதுலயோ இருந்தது” என்றாள்.
எடை போட்ட தட்டிலிருந்து
என்னைக் கேட்காமலே எடுத்து
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
சர்ச் தெருவில் முதல் கதவு தட்டும் சத்தம்
மணலில் நின்ற எனக்குக் கேட்டது.

ஏட்டில் எழுதினேன்:
துளை 14. சராசரியில் சேர்க்கவில்லை.
மாதிரி,
உரியவளைத் தேடிப் போயிருக்கிறது.