நாற்பத்தொரு செயலிகள்

கடைப் பையன் ஆர்த்து மூன்று முறை கேட்டான்.
நிச்சயமாக இதுதானா?
மொத்தமே நாற்பத்தொரு செயலிகள்தான் இதில்.
அவற்றில் ஆறு கால்குலேட்டர்.

ஆறும் வேண்டும் எனக்கு என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
ஜனவரி ஒவுலுவில் யாரும் பல்லைக் காட்டுவதில்லை.
பல் செய்வது என் வேலை, எனக்குத் தெரியும்.

கொள்கை என்று தங்கை சைமியிடம் சொன்னேன்.
பொய்.
கண்ணாடிப் பெட்டியின் மூலையில்
விலைச்சீட்டு சாய்ந்து
போன வருடத்துத் தேதியோடு கிடந்தது அது.
விளிம்பிலிருந்து விரலை இழுத்தேன்.
உதறிய ஈரத் துணிபோல்
ஒரு பக்கம் விரிந்தது.
அவ்வளவுதான் காரணம்.

வங்கி என்னை நேரில் வரச் சொன்னது,
செவ்வாய், வியாழன், பத்திலிருந்து பன்னிரண்டு.
எங்கள் கட்டிடத்துச் சௌனாவுக்கும்
முன்பதிவுச் செயலி வந்துவிட்டது.
நான் கதவில் காகிதம் ஒட்டினேன்:
வியாழன் ஏழு மணி, மூன்றாம் மாடி ரெய்யா.
இது எந்த நூற்றாண்டு என்று யாரோ கீழே எழுதினார்கள்.
அதற்கும் கீழே இன்னொரு கையெழுத்து:
எட்டு மணி எனக்கு.

ஊரோடு ஒத்துப் போயேன் என்றாள் சைமி.
சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டு
அதற்குக் காலுறை வேறு.
இந்தப் போனுக்கு உறை எங்கும் கிடைக்காது.
கம்பளிக் காலுறை ஒன்று ஜோடியிழந்து கிடந்தது,
பொருந்தியது.

ஆனால் பேருந்துக்கு ஒரு செயலி இருந்தது.
நகராட்சி செய்ததல்ல.
கயானியில் இருக்கும் கலெர்வோ என்பவர்
இரவுகளில் உட்கார்ந்து செய்தது.
பயன்படுத்துவோர் நூற்றுப் பதின்மூன்று பேர்.
துயிரா நிறுத்தத்தைத் துரியா என்று அடித்திருந்தார்.
இரண்டு வருடம் நான்
துரியாவில்தான் பேருந்து ஏறினேன்.

சுழிக்குக் கீழே இருபத்துநாலு டிகிரி.
கையுறையைப் பல்லால் கழற்றித் தொட்டால்
பதினைந்தாம் எண், நாலு நிமிடம்.
வந்துவிடும்.
அந்த நாலு நிமிடத்துக்கு
முகம் தெரியாத ஒருவர் பொறுப்பு.
பக்கத்தில் நிற்பவர்களைப் பார்ப்பேன்,
நூற்றுப் பதின்மூன்றில் இவரும் ஒருவரோ என்று.
யார் கையிலும் காலுறை இல்லை.

நவம்பரில் ஒரு புதுப்பிப்பு.
நான் வேறு போன் வாங்கிவிட்டேன்.
மகளின் பள்ளிக்கூடம் அதில் மட்டும்தான் பேசுகிறது.
இனி நேரங்கள் தவறலாம்.
நிரல் திறந்தே கிடக்கிறது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.
மன்னிக்கவும்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
பசிதான் வந்தது.
நின்றபடியே கம்பு ரொட்டி தின்றேன்.

அட்டவணை குளிர்காலத்துக்கு மாறிற்று.
திரையில் இன்னும் கோடை.
நாலு நிமிடம் என்றது பதினொன்று ஆனது.
ஒருநாள் கண்ணெதிரே போனது பதினைந்தாம் எண்,
மஞ்சள் சன்னலும்
அதில் சாய்ந்த யாரோ ஒருவர் தலையும்.

அன்று ஆர்த்துவின் கடைவரை நடந்தேன்.
கதவு தானாகத் திறந்தது.
நான் நுழைவேன் என்று சற்று நின்று பார்த்து
மூடிக்கொண்டது.

வீட்டில் நிரலைத் திறந்தேன்.
மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்குவேன்,
மயிரிழை பிசகாது.
இது ஒன்றும் விளங்கவில்லை.
அடைப்புக்குறிகள், மேலும் அடைப்புக்குறிகள்,
நடுவே பனிக்கு மேல் தலைநீட்டும் வேலிக்கம்புகளாய்
தெரிந்த தெருப் பெயர்கள்.
இரவு இரண்டரைக்குத் துரியாவைக் கண்டேன்.
இரண்டு எழுத்தை இடம் மாற்றினேன்.
அனுப்பு என்றிருந்ததை அழுத்தினேன்.

நேரம் இன்னும் தவறுதான்.
ஏழுக்கு முன்னதாகவே வந்து நின்றுகொள்கிறேன்.
இன்று காலை திரையில்:
மாற்றம் ஏற்கப்பட்டது. நன்றி. கலெர்வோ.
அதன் கீழே பெயரில்லாத வேறு யாரோ:
நானும் துயிராவில்தான் ஏறுகிறேன்.
சனிக்கிழமை நேரங்களை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?

நிறுத்தத்தில் ஏழு பேர்.
எல்லாரும் குனிந்திருந்தார்கள்.
காலுறையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து
கொஞ்சம் வெளியே தெரிகிறமாதிரி
பிடித்துக்கொண்டேன்.