வாடகை வெயில்

ரசீதுப் புத்தகத்தில்
"வெயில் ஒன்று, மூன்று நாள், ரூபாய் நானூறு"
என்றுதான் எழுதுவேன்.
பிளோமினா அக்கா எழுதிக் காட்டியது அப்படி.
முட்டாக்கு என்றால் வயதானவர்களுக்கு,
நெட் என்றால் கொசுவலை.
மணப்பெண்கள் வந்து கேட்பது வெயில்.
"கத்திரி வெயில் இருக்கா?" என்று
மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் சிரித்தான்.
முன்பணத்தில் ஐநூறு கூட்டிச் சொன்னேன்.

ஞானஒளிவுபுரத்தில் கடை.
ஒளிவு என்பது வெளிச்சமா, பதுங்கலா,
யாரும் கேட்டதில்லை.
கடிதங்கள் சரியாக வந்து சேருகின்றன.

உச்சியில் சீப்பைக் குத்தி
கண்ணாடி முன் நிறுத்தினால்
எல்லாப் பெண்களும் கேட்பது ஒன்றே:
"அக்கா, இதுக்குள்ள இருந்தா கண்ணு தெரியுமா?"
தெரியும்.
பந்தியில் பாயசம் கேட்பவர் வரைக்கும் தெரியும்.
வெளியே நிற்பவர்களுக்குத்தான் பனிமூட்டம்.

திங்கட்கிழமை வெயில்கள் திரும்பும்.
கேக் கிரீம், ஜிகினாத் தூள், கண்மை,
ஒன்றில் நீளமாய் ஒரு நரைமுடி.
யார் கட்டிக்கொண்டு அழுதார்களோ.
ஒன்று மட்டும்
மடிப்புக் கலையாமல் வந்தது.
கொண்டுவந்த பையன்
வாடகையில் ஏதாவது கழியுமா என்று கேட்டான்,
கேட்டுவிட்டு ரோட்டைப் பார்த்தான்.
அக்கா முழுப்பணத்தையும் எடுத்து நீட்டினாள்.
ரசீதில் குறுக்கே கோடு போட்டேன்.
கோட்டுக்கு அடியிலும் வெயில் படிக்க முடிந்தது.

சோப்புத் தண்ணீரில் அலசி
பின்கட்டு நிழலில் காயப்போட வேண்டும்.
வெயிலை வெயிலில் போட்டால்
மஞ்சள் பாரித்துவிடும்.

என் தமக்கை அருள்சீலி
வேறொரு வெயில் போட்டுக்கொண்டாள்,
திண்டுக்கல் மடத்தில்.
அதற்கு வாடகை இல்லை,
திருப்பித் தரும் தேதியும் இல்லை.
நான் எதுவும் போடவில்லை.
பதிவாளர் அலுவலகத்தில்
கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே
மாயழகு கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து.
அன்றைக்கு அப்பா
என் போட்டோவை இறக்கவில்லையாம்.
அதன்மேல் காலண்டரை மாட்டினாராம்.
தபசு காலத்தில் சுரூபங்களுக்கு
ஊதாத் துணி போர்த்துவார்கள்,
ஈஸ்டருக்கு எடுத்துவிடுவார்கள்.
நான்கு ஈஸ்டர் போய்விட்டது.
காலண்டர் மட்டும்
வருடா வருடம் புதுசாகிறது என்று
அருள்சீலி போனில் சொன்னாள்.

மூன்று மணிக்கு வைகைப் பாலம் கொதிக்கும்.
துப்பட்டாவை முகத்தில் சுற்றி
மேலே ஹெல்மெட் கவிழ்த்து
கண்ணை மட்டும் வெளியே விட்டு
ஸ்கூட்டியில் போகிற ஆயிரம் பேரில் ஒருத்தி நான்.

கோரிப்பாளையம் சிக்னல்.
தொண்ணூறு நொடி.
வேப்பமரத்தடியில் பெரிய குடை விரித்து
செல்போன்களின் திரைமேல்
இன்னொரு திரை ஒட்டிக்கொண்டிருக்கிறார் சவரியப்பன்.
அப்பா.
உள்ளே மாட்டிய காற்றுக் குமிழியை
நகத்தால் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி
வெளியேற்றும்வரை விடமாட்டார்.
இளைத்திருக்கிறார்.
சட்டையில் இரண்டாவது பட்டன் வேறு நிறம்,
அவரே தைத்திருக்க வேண்டும்.
தொண்ணூறு நொடியும் பார்ப்பேன்.
என் முகத்தை மூடிக்கொண்ட பிறகுதான்
அந்த முகம் எனக்குக் கிடைத்தது.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள்.
எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு.
கையிலிருந்த போனிலிருந்து தலை நிமிராமலே
"தாயி, ஸ்டாண்ட எடுத்துட்டு ஓட்டு" என்றார்.

இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதுதான்.
முன்பின் தெரியாதவர்கள்
பஸ் ஜன்னலிலிருந்து கத்திவிட்டுப் போவார்கள்.
சரி என்று தலையாட்டினேனா,
நினைவில்லை.
பச்சை விழுந்தது.
பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன்.

தமுக்கம் தாண்டி
ஓரமாய் நிறுத்திக் குனிந்து பார்த்தேன்.
ஸ்டாண்டு மடங்கித்தான் இருந்தது,
கடை வாசலில் மடக்கினபடி.

வீடு போய்ச் சேரும்வரை
துப்பட்டாவை அவிழ்க்கவில்லை.
அன்றைக்கு நல்ல வெயில்.