ஈரம் பதினொன்று

கொட்டையில் ஈரம் பதினொன்றுக்கு மேலே இருந்தால்
எடுக்கக் கூடாது என்பது எங்கள் அறக்கட்டளை விதி.
தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியது நான்தான்.
ஐப்பசியில் ஏறி உட்கார்ந்த மழை
மார்கழி பாதியாகியும் மலையைவிட்டு இறங்கவில்லை.

வி.கே.புரத்தில் காரையாறு பஸ்,
பாபநாசம் செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டினேன்.
ஈரம் பாக்கிற மெஷின், சார்.
மலையே ஊறிப்போயில்லா கெடக்கு,
அதப் பாக்க ஒரு மெஷினா என்று
சிரித்தபடி கம்பைத் தூக்கினார்.

சொரிமுத்து, வயது இருபத்தாறு.
எங்கள் பதிவேட்டில் இளம் விவசாயி, வரிசை எண் பதினேழு.
பலா நிழலில் முக்கால் ஏக்கர்.
கைச்சக்கர மெஷினுக்குப் பன்னிரண்டாயிரம் கடன்,
மூன்று தவணை கட்டியிருக்கிறான்.
குடும்ப உறுப்பினர் நான்கு;
அதில் ஒன்று இன்னும் பிறக்கவில்லை.
எழுதிக்கோங்க, மாசிக்குள்ள வந்துரும்
என்று சைலஜாதான் சொல்லியிருந்தாள்.

அவள் தரையில் பாய் விரித்திருந்தாள்.
கட்டிலில் காப்பி படுத்திருந்தது.
அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினால் காயும்,
ஆனால் புகைவாசம் ஏறும், பாதி விலைதான்.
அதையும் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான்.

கொல்லையில் ஒரு கீற்று வெயில்.
அதன் கீழே, மூன்று நாளாக நான் ஆபீஸ் முழுக்கத் தேடிய ஃப்ளெக்ஸ்:
'இளம் காப்பி விவசாயிகள் குடும்ப நலத் திட்டம், தொடக்க விழா'.
கோட்டுப் போட்ட ஐந்து பேர் மல்லாந்து கிடக்க
அவர்கள் முகத்திலும் கழுத்திலும்
வெளிறிய கொட்டைகளைக் கையால் அளைந்துகொண்டிருந்தான்.
திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஆள் வருகிறார்கள்,
வாசலில் கட்ட வேண்டியது அது.

ஒரு பிடி அள்ளி மெஷினில் போட்டேன்.
பதினான்கு.

நான் முன்பு பீடிக்கடையில் கணக்கெழுதியவள்.
கட்டுக்கு இரண்டு பீடி கழித்துவிட்டு
தாளில் ஒழுங்காகக் காட்டத் தெரிந்த கை இது.
பதினான்கைப் பதினொன்றாக்க
ஒரு மூச்சு நேரம் போதும்.
எழுதினால், கிட்டங்கியில் இவன் மூட்டை பூத்துப்போய்
மற்ற பதினாறு பேர் மூட்டையையும் பூக்க வைக்கும்.
எழுதாவிட்டால்
சைலஜா ஒன்றும் கேட்கவில்லை.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜீப் பிடித்து இரண்டு மூட்டையையும் கீழே கொண்டுவந்தேன்.
கோப்புகளைப் பீரோவுக்கு மேலே ஏற்றி
ஆபீஸ் தரை முழுக்கப் பரப்பி
மூன்று ஃபேனையும் ஐந்தில் வைத்தேன்.
போனில் செயலாளர் ஞானதிரவியம்
கொஞ்ச நேரம் பேசவே இல்லை.
பிறகு, ராத்திரி ரெண்டு தடவ கெளறி விடணும்லா,
ஒன்ன நான் பாத்துக்கிடுதேன் என்றார்.

திங்கட்கிழமை வந்த இருவரும்
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே கால் வைக்க இடமில்லாமல் நின்றார்கள்.
கூட்டம் எதிர்த்த டீக்கடை பெஞ்சில் நடந்தது.
விழா பேனர் எங்கே என்றார் சின்னவர்.
மலையில் வேலையாக இருக்கிறது என்றேன்.
குறித்துக்கொண்டார்.
பேனர் காணப்படவில்லை என்றுதான் அறிக்கையில் வரும்.
வந்தால் அடுத்த வருஷம் முப்பது குடும்பம் இருபதாகலாம்.
அந்தப் பத்துப் பெயரை அழிப்பதும்
இதே கையாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை சொரிமுத்து இறங்கி வந்தான்.
ஃப்ளெக்ஸைக் கழுவி மடித்துக் கொண்டுவந்திருந்தான்.
கறை போகல மேடம் என்றான்.
தலைவர் கன்னத்தில் தேமல் மாதிரி இருந்தது.

மெஷினில் பதினொன்று புள்ளி இரண்டு.
மறுபடி போட்டோம். அதே புள்ளி இரண்டு.
இருவரும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தோம்.
மில் பக்கம் கொஞ்சம் வெளுத்திருந்தது.
மூட்டையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினோம்.

எந்தப் பக்கம் மேடம் விரிக்க?

கோட்டு இருக்கிற பக்கம் மேலே வரட்டும்,
கறுப்புதான் சீக்கிரம் சூடேறும் என்றேன்.