விலகும் தகடு

புதன்தோறும் சுங்கை பெலுரு பாசார் மாலாமில்
ஆப்பம் பாலிக் வண்டிக்கும்
பத்து வெள்ளிக்கு மூன்று ஜோடி காலுறை விற்பவனுக்கும் நடுவே
என் மேசை.
மந்திர வாரியத்தின் லைசென்சு
பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துக் கிடக்கும்.

பாம்புக் கண்ணுக்குத் தப்பும் கணுக்கால் கயிறு.
சம்பளத்தன்று மட்டும் கனக்கும் நரிக்கொம்பு.
லாரி விலகும் தகடு.
தகடுதான் ஓடுகிறது.
இந்த ஊரில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்
பிரேக்கை நம்பி இறங்குவதில்லை.

அருள் வந்து எழுதுகிறவள் இல்லை நான்.
ஈப்போவில் இரண்டு வருடம், எழுத்து மந்திரப் பிரிவு,
மறுதேர்வில் தேறினேன்.
செம்பில் ஐம்பத்தோரு எழுத்து.
ஈயம் வைக்கையில் மூச்சு விடக்கூடாது.
மிச்சம் கைப்பழக்கம்.

தனகோடி அண்ணன் முட்டை கொண்டுவந்தார்,
ஒரு டஜன், வைக்கோல் ஒட்டியபடி.
"சரிவுல லாரி நேரா எம்மேலதான் வந்துச்சு தங்கச்சி.
தண்ணி மாதிரி வளைஞ்சி போயிருச்சு."
எங்கே, என்றேன்.
"என்ன எங்கே?"
வளைந்து எங்கே போனது?
அவர் தலையைச் சொறிந்தார்.
அவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

அன்றிரவு விற்பனைக் கணக்கை எடுத்து
லயத்தைக் கோடு போட்டு வரைந்தேன்.
பதினெட்டு வீடு.
ஒன்றாம் வீடு விலக்கியது இரண்டின் வாசலில்.
இரண்டும் வாங்கியது, மூன்றும்;
தீப்பிடித்தால் வாளி கைமாற்றுவார்களே,
அப்படி.
ஏழில் என் வீடு. நானும் கட்டியிருந்தேன், முதல் ஆளாக.
கெட்டது கடந்துபோகும் வீட்டில்
பால் திரியும் என்று பாடப்புத்தகம் சொன்னது,
பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில்.
லயம் முழுக்கப் பால் திரிகிறது ஒரு வருடமாய்.
வெயில் என்றோம்.

பதினெட்டில் ரஃபீக்குல்.
மைமன்சிங்கிலிருந்து வந்தவன், குலை வெட்டுகிறவன்,
பாஸ்போர்ட் ஆபீஸ் இரும்புப் பெட்டியில்.
என் மேசைப் பக்கம் வந்ததே இல்லை.
வந்த பதினைந்து மாதத்தில்
இரண்டு டெங்கி, ஒரு தேள்,
இடது கையில் இப்போது மூன்று விரல்.
ராசி கெட்ட பயல் என்பார் மண்டோர்.
நானும் சிரித்திருக்கிறேன்.

தகடும் சுத்தியலுமாய்ப் போனேன், இலவசம்தான்.
ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு
நிலையில் அளவு பார்க்கையில்
பதினெட்டுக்கு அப்பால் என்ன என்று திரும்பினேன்.
ஒரு சாக்கடை.
சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஆயாக்கொட்டாய்.
பதினோரு தூளி, கம்பியில் ஆடிக்கொண்டு.

ஆணி வாயிலேயே இருந்தது.
தூறல் வலுத்தது.
"மாசோக் லா, காக்கா. ஹூஜான்" என்றான்.
உள்ளே போனேன்.
தே ஓ போட்டுத் தந்தான்.
இந்த வீட்டில் பால் தங்குவதில்லை என்று
மன்னிப்புக் கேட்டான்,
என்னிடம்.

திரும்பி வந்து என் நிலையில் இருந்ததைப் பெயர்த்தேன்.
வியாழன் பூரான் கடித்தது.
வெள்ளி, ஸ்கூட்டர் டயர்; அதே நாள், கடைவாய்ப் பல்.
சனிக்கிழமை கூரைத் தகரம் ஒன்று
நான் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் விழுந்தது.
ஆறு வீட்டுச் சரக்கும் என்னுடையதும்.
பாதிக்கு மேல் யாருடையது என்று கண்டுபிடிக்கக்கூட முடிந்தது:
பல் நிச்சயம் நாலாம் வீட்டு வைரக்கண்ணுவுடையது,
மாசக்கணக்காய் வெல்லம் மென்றவர் அவர்.

புதன் வந்தது. மேசையைப் போடுவதா இல்லையா என்று
நொண்டிக்கொண்டே யோசித்து நிற்கையில்
எட்டாம் வீட்டு அமிர்தகௌரி
டம்ளரோடு வாசலுக்கு வந்தாள்.
"என்னடி, அஞ்சு நாளா எங்க வீட்டுப் பால் திரியவே இல்ல?
புதுசா ஏதும் எழுதியிருக்கியா?
எனக்கும் ஒண்ணு குடு."

பேசிக்கொண்டே அவள் பார்வை
என் வாசல் நிலைக்கு ஏறி
ஆணி இருந்த துளையில் நின்றது.