ரெக்கார்டு ரூம்

கேப்பர் மலையை மலை என்று சொன்னால்
ஏலகிரிக்காரன் சிரிப்பான்.
மூச்சைப் பிடித்து மிதித்தால்
சைக்கிளிலேயே ஏறிவிடலாம்.
ஆனாலும் கடலூருக்கு இருக்கிற மேடு இது ஒன்றுதான்.
கெடிலம் பொங்கி மஞ்சக்குப்பத்தில்
பைக்குகள் மிதக்கிற நாளில்
நாங்கள் மேலே நின்று பார்ப்போம்
முழங்கால் நனையாமல்.

மலைக்கு எவனோ ஒரு துரையின் பெயர்.
அவன் இங்கே இருந்ததற்கு
யாரும் சான்று கேட்கவில்லை.

வினோதினியின் நர்சிங் சீட்டுக்காக
நாங்கள் கேட்டிருந்தோம்.
வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்,
மறுபடியும் வி.ஏ.ஓ.
கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தது.
இறங்கியவர் கண்ணாடியைத் துடைத்தபடி
என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்:
"இருளர்னா எலி புடிக்கணுமே. புடிச்சுக் காட்டு."

எட்டியப்பன் முதுநகர் ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர்.
டிவியில் பாம்பு வந்தாலே
சேனலை மாற்றச் சொல்வார்.
மாசி வீட்டுக் கடப்பாரையை இரவல் வாங்கி
முந்திரித்தோப்பு ஓரம் தோண்டினார்,
எலி எந்தக் காலத்திலும் வீடு கட்டாத இடத்தில்.
அரை மணி நேரம்.
கிடைத்தது ஒரு பீங்கான் பிடி,
பாதிச் செங்கல்,
நிறைய செம்மண்.

அவர் எழுதிக்கொண்டார்.
பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.
உங்கள் பாட்டன் செய்த வேலையை
நீங்கள் செய்து காட்டுங்கள் சார் என்று
நாக்கு நுனி வரை வந்தது.
வினோதினி முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

எலி பிடிக்கத் தெரிந்தவள் நான்.
என்னை யாரும் கேட்கவில்லை.

தை மாதம் அதே ஆபீசிலிருந்து போன்.
சான்றிதழ் என்று நினைத்து
ஈரக் கையோடு எடுத்தேன்.
"ரெக்கார்டு ரூம்ல எலி தாங்கலம்மா.
பொறி வெச்சும் மாட்டல.
உங்க ஆளுங்க யாராச்சும் வருவீங்களா?"

போனேன்.
உத்தரம் வரைக்கும் கட்டுக் கட்டாய்க் காகிதம்,
சிவப்பு நாடா, பாச்சை உருண்டை,
யாரோ ஒருவரின் பழைய டிபன் பாக்ஸ்.
வயலில் என்றால் புகை போடலாம்;
இங்கே புகைத்தால் மாவட்டமே எரிந்துபோகும்.
ஈரச் சாக்கால் ஓட்டைகளை அடைத்துவிட்டு
விளக்கை அணைக்கச் சொன்னேன்.
கிளார்க் பயந்து வெளியே போய்விட்டான்.

இருட்டில் உட்கார்ந்தேன்.
காகிதத்தைக் கொறிக்கிற சத்தம் ஒரு மாதிரி,
நாடாவைக் கொறிப்பது வேறு மாதிரி.
கை போன இடத்தில் வால்.

மதியத்துக்குள் ஏழு பெருச்சாளி.
கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒரு கூடு,
கண் திறக்காத குட்டிகள்
நகம் அளவுக்கு ரோஸ் நிறத்தில்.
மெத்தைக்குக் கிழித்துப் போட்டிருந்ததை
ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்தேன்.
எட்டாவது வரை படித்தவள்.
'மேற்படி மனுதாரர்' என்று ஒரு துண்டில்,
'கேப்பர் ம' என்று ஒரு துண்டில்,
இன்னொன்றில் பாதி முத்திரை.
கன்னிமாரே, எங்கள் மனுவா என்று தெரியவில்லை.
மலையில் எங்களைப் போல் நாற்பது வீடு.

கூலி எண்ணூறு.
வவுச்சரில் கையெழுத்துப் போடும்போதுதான் கவனித்தேன்:
'பழங்குடி இருளர் பெண்மணி மூலம்
எலி அகற்றிய வகைக்கு.'
கீழே ஆபீஸ் முத்திரை, தேதி,
பேனா ஓட்டிய அதே மனிதரின் கையெழுத்து.

பணத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு
இந்தத் தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா என்றேன்.
கிளார்க்குக்குப் புரியவில்லை.
எலிகளோடு நான் சீக்கிரம் கிளம்பினால் போதும் அவனுக்கு.

பக்கம் இரண்டு ரூபாய். மூன்று எடுத்தேன்.
சாக்கு நெளிந்ததால் பஸ்ஸில் யாரும்
பக்கத்தில் உட்காரவில்லை, நல்ல காற்று.
ஜெயில் சுவர் விளக்குகள் எரியத் தொடங்கியபோது
மேட்டில் இறங்கினேன்.

வினோதினி தாளை வாங்கி
வாசல் பல்புக்கு நேராகப் பிடித்துப் படித்தாள்.
ரொம்ப நேரம்.
"அம்மா, எழுத்துப் பிழை.
'இருலர்'னு போட்டிருக்கான்."